தனியாக விடவேண்டாம்

திருச்சிராப்பள்ளி,
கல்லூரி விடுதி,
5-7-1937

மதிப்பிற்குரிய சொரிமுத்து அண்ணாச்சி அவர்களுக்கு,

துல்கர்னைன் சலாம் சொல்லி எழுதுவது. என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பி நல்லக்கண்ணுவும் நானும் இரண்டு வருஷமாக இங்கே ஒரே அறையில் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் புளியங்குடி. தென்காசிப் பக்கத்துப் பையன் என்று தெரிந்த அன்றே அவன் என் பெட்டியைத் தூக்கிவந்து தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அப்படித்தான் பழக்கம்.

இந்தக் கடிதம் எழுதுவது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டான். இப்போதும் பேசத்தான் இல்லை, அதனால் புதிதாக நஷ்டம் ஒன்றுமில்லை.

கோடை விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து அவன் சரியாக இல்லை அண்ணாச்சி. காய்ச்சலா என்றால் காய்ச்சல் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதில்லை. நான் தட்டில் போட்டுக் கொண்டுவந்து மூடிவைத்தால் மறுநாள் எறும்புதான் தின்றிருக்கிறது. குளிப்பதில்லை, சவரம் செய்துகொள்வதில்லை. புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், "எழுத்து உள்ள போகமாட்டேங்கு" என்கிறான். ஹாக்கிக் கோஷ்டியில் இவன் இல்லாமல் ஆட்டம் கிடையாது. கோஷ்டித் தலைவன் வந்து கூப்பிட்டதற்கு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். போன வருஷம் எங்கள் புரொபசர்மாரைப் போல நடந்து காட்டி விடுதியையே சிரிக்கவைத்தவன் அண்ணாச்சி இவன்.

வார்டனிடம் சொன்னேன். பரீட்சைப் பயம், ஆமணக்கெண்ணெய் கொடு என்றார். கொடுத்தேன். குடித்தான். எதைக் கொடுத்தாலும் குடிப்பான் போலிருந்தது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

பெரியவர்கள் விஷயத்தில் தலையிடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
துல்கர்னைன்


தென்காசி,
9-7-1937

துல்கர்னைன் என்பவருக்கு சொரிமுத்து எழுதுவது.

உம்முடைய கடிதம் கிடைத்தது. தம்பி சாப்பிடவில்லை என்பதை அண்ணனுக்கு ஊரான் எழுதித் தெரியவேண்டிய காலம் வந்துவிட்டது. ரொம்ப உபகாரம்.

அப்பா சாகும்போது அவனுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து நானும் என் வீட்டுக்காரி உச்சிமாகாளியும் அவனுக்கு ஒரு குறை வைத்ததில்லை. எனக்குப் பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. தின்ன நெல் இருக்கிறது, உடுக்கத் துணி இருக்கிறது, வயலில் இறங்கி ஒரு களை பிடுங்கச் சொன்னதில்லை. படிப்பைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. இதில் துக்கப்பட என்ன இருக்கிறது? எனக்குப் புரியவில்லை. உமக்குப் புரிந்தால் எழுதும்.

நான் சொல்லட்டுமா? ஏதோ பெண் விவகாரம். அல்லது கதர்க்காரர்களோடு சேர்ந்து சுற்றி மனசு கெட்டிருக்கிறான். இரண்டில் எது என்று கூட இருக்கிற உமக்குத் தெரியாமல் இராது. மூடி மறைக்கவேண்டாம். செவ்வாய்க்கிழமை நானே புறப்பட்டு வருகிறேன், நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

அவனை அழைத்துக்கொண்டு வந்துவிடப்போகிறேன். இங்கே சாரல் கட்டிவிட்டது. குற்றாலத்தில் சீசனுக்கு வீடு எடுத்தாகிவிட்டது. எங்கள் சின்னையா வீரபாகு ஒரு காலத்தில் துணியைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடியவர். ஒரு மண்டலம் பேரருவியில் பிடித்து நிறுத்தினார்கள். தெளிந்து, கல்யாணம் பண்ணி, ஆறு பிள்ளை பெற்று, இன்றைக்கும் ஏர் பிடிக்கிறார். எங்கள் தண்ணீருக்கு முன்னால் உங்கள் வார்டனுடைய ஆமணக்கெண்ணெய் எம்மாத்திரம்.

சொரிமுத்து


திருச்சிராப்பள்ளி,
17-7-1937

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

நீங்களும் நல்லக்கண்ணுவும் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை விடுதி வாசலில் எல்லோர் முன்னாலும் நீங்கள் என்னைக் கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. என் சட்டையைப் பிடித்திருந்த கையை நீங்கள் விட்ட பிறகும் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெண் யாரும் இல்லை. கதர்க்காரர்களும் இல்லை. நான் அவனைக் கெடுக்கவில்லை. என்ன காரணம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவனையே கேட்டேன். "ஒரு காரணம் இருந்தா சொல்லமாட்டேனாலே. ஒண்ணும் இல்லாமத்தான் இப்படிக் கெடக்கேன்" என்றான். காரணம் இருந்தால்தான் வலிக்கவேண்டும் என்று இருக்கிறதா அண்ணாச்சி? எனக்குத் தெரியவில்லை, கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று உங்கள் கோபத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டது. நீங்கள் வருவதற்கு முந்தின நாள் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்க அண்ணனுக்கு என்னால செலவும் கவலையுந்தான். நான் ஒருத்தன் இல்லன்னா அவுக நிம்மதியா இருப்பாக." நான் பைத்தியக்காரா என்று திட்டினேன். திட்டியிருக்கக்கூடாது, உட்கார்ந்து கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அருவியில் குளிக்கட்டும், நல்லதுதான். ஆனால் நீங்கள் ஒரு தடவை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்காமல், மனசில் என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள். நான் கேட்டால் சிரித்து மழுப்புவான். நீங்கள் கேட்டால் சொல்லுவான். உங்களிடம் அவனுக்குப் பயம் இருக்கிற அளவுக்குப் பாசமும் இருக்கிறது.

துல்கர்னைன்


குற்றாலம்,
9-8-1937

தம்பி துல்கர்னைனுக்கு சொரிமுத்து ஆசீர்வாதம்.

உம்மை நீ என்று எழுதுகிறேன், கோபிக்காதே. சந்தோஷத்தில் மரியாதை வரமாட்டேன் என்கிறது. விடுதி வாசலில் உன் சட்டையைப் பிடித்தது தப்பு. அதையும் சேர்த்து மறந்துவிடு.

நல்லக்கண்ணு பிழைத்துவிட்டான்! முன்னை மாதிரி ஆகிவிட்டான். முன்னையைவிட மேல் என்றே சொல்லலாம்.

வந்த புதிதில் பார்க்கச் சகிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் தேய்க்கிற கடற்கரை என்கிறவனும் இன்னொரு ஆளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அருவியில் நிறுத்தவேண்டும். நிறுத்தின இடத்தில் நிற்பான். இழுத்தால் வருவான். இப்படியே நாள் போயிற்று. அமாவாசை நெருங்கும்போது ஒரு காலை நான் எழுந்து பார்த்தால், தானே சவரம் செய்துகொண்டு தலை வாரிக்கொண்டு நிற்கிறான். மதினி உச்சிமாகாளியிடம் இட்லி கேட்டு வாங்கித் தின்றான். அவள் அடுக்களைக்குள் போய் அழுதாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரிந்திருக்கும். இப்படிக் குளித்துத் தெளிந்தவன் ஆடி அமாவாசை அன்று உடுத்தியிருந்த வேட்டியை ஆற்றோடு விட்டுவிட்டுப் புது வேட்டி கட்டித் திரும்பிப் பாராமல் வரவேண்டும். பீடை துணியோடு போய்விடும். வழக்கமாக மற்றவர்கள்தான் அவிழ்த்து விடவேண்டியிருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா? வீட்டிலிருந்தே ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பட்டணத்துச் சட்டை, காலேஜ் கோட்டு, எல்லாவற்றையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டான். கரையில் நின்ற பெரியவர்கள், இந்த அளவுக்குத் தானாக விட்டவனைப் பார்த்ததே இல்லை என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து கை தாராளமாகிவிட்டது. கைக்கடிகாரத்தை மதினியின் தம்பிக்குக் கட்டிவிட்டான். மசிப்பேனாவைக் கடற்கரைக்குக் கொடுத்தான். எழுதத் தெரியாத ஆளுக்குப் பேனா! ஊரே சிரிக்கிறது. கடற்கரை அதைக் காதில் செருகிக்கொண்டு எண்ணெய் தேய்க்கிறான்.

குத்துக்கல்வலசையில் எங்கள் மாமாவோடு ஒரு வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக எங்களுக்குப் பேச்சில்லை. இவன் தானே நடந்துபோய் அவர் காலில் விழுந்து, "நான் ஏதும் தப்பா நடந்திருந்தா மனசுல வெச்சுக்கிடாதீக மாமா" என்றானாம். அவர் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். உச்சிமாகாளி மட்டும், இவன் எதுக்கு இவ்வளவு கும்பிடுதான் என்று முணுமுணுத்தாள். நல்லது நடக்கும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அதட்டினேன்.

நீ கேளுங்கள் கேளுங்கள் என்று எழுதியிருந்தாயே, கேட்டேன். "மனசுக்கு எப்படிலே இருக்கு?" என்றேன். "பாரமே இல்லண்ணே. ஒரு முடிவுக்கு வந்தாச்சு" என்றான். படிப்பைத் தொடருவது என்ற முடிவுதான், வேறென்ன. காலேஜ் இனி எப்போது என்று நான் நச்சரிக்கவில்லை.

உனக்கும் ஒரு பார்சல் கட்டி என்னிடம் தந்தான், இதோடு தபாலில் சேர்த்திருக்கிறேன். அவன் புத்தகங்கள், ஹாக்கி மட்டையில் சுற்றுகிற பட்டைத் துணி, இன்னும் என்னவோ. அவன் மூக்குக்கண்ணாடியும் அதில் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் எப்படிலே என்றேன். இனி வேண்டாமாம். நம் மலைத் தண்ணீர் புத்தியோடு கண்ணையும் தெளியவைத்துவிட்டது பார்த்தாயா!

வருகிற வெள்ளிக்கிழமை ஆடிக் கடைசி வெள்ளி. செண்பகாதேவி அருவிக்கு ஏறிப்போய்க் குளித்து அம்மனைக் கும்பிட்டுவர ஆசை என்றான். தனியாகப் போகவேண்டுமாம். இத்தனை நாளாக இரண்டு ஆள் பிடித்துக் குளித்தவனுக்குத் தனியாகக் குளிக்க ஆசை இருக்காதா? போய்வா என்று சொல்லிவிட்டேன்.

நீ பயந்து எங்களையும் பயமுறுத்தினாய். போகட்டும், அந்தப் பயத்தால்தானே அவனை அழைத்துவந்தேன். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டிலிருந்து உனக்கு வேட்டி வரும்.

சொரிமுத்து


திருச்சிராப்பள்ளி ஜங்ஷன்,
12-8-1937, வியாழன்

அண்ணாச்சி,

இதைக் கையில் வாங்கியதும் முதலில் நல்லக்கண்ணு எங்கே என்று பாருங்கள். பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதமும் பார்சலும் இன்று மத்தியானம் ஒன்றாக வந்தன. பார்சலைத்தான் முதலில் பிரித்தேன். கண்ணாடியைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் பிரித்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கிறவன் முகம் அவனுக்குத் தெரியாது. தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில் கையை விட்டு அது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான். எந்தத் தண்ணீரும் அந்தக் கண்ணைத் தெளியவைத்திருக்காது. இனி எதையும் பார்க்கவேண்டியதில்லை என்று அவன் நினைத்தால்தான் அதைக் கொடுப்பான்.

போன வருஷம் எங்கள் விடுதியில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் பரமசிவன் என்று ஒருவன் இருந்தான். மாதக்கணக்காக மூலையில் கிடந்தவன் ஒரு நாள் எழுந்து குளித்தான், சிரித்தான். குடையை ஒருவனுக்கும் பெட்டியை ஒருவனுக்கும் கொடுத்தான். சண்டை போட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டான். எங்கள் எல்லோருக்கும் லட்டு வாங்கிக்கொடுத்தான். வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்து நாங்கள் தின்றோம். மறுநாள் அவன் உயிரோடு இல்லை. காவேரியில் கால் தவறிவிட்டது என்று விடுதியில் சொல்லிக்கொண்டார்கள். கால் தவறவில்லை என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் சந்தோஷமாக எழுதியிருப்பது ஒவ்வொன்றும் அதுதான் அண்ணாச்சி. கடிகாரம், பேனா, மாமா காலில் விழுந்தது, முடிவுக்கு வந்தாச்சு என்றது, எல்லாம் அதுதான். அவன் பீடையை விடவில்லை. விடைபெற்றுக்கொண்டிருக்கிறான். மதினி கேட்டது சரியான கேள்வி.

வெள்ளிக்கிழமை அவனைத் தனியாக மலைக்கு அனுப்பாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

தந்தி ஆபீசுக்கு ஓடி உங்களுக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது. நல்லக்கண்ணுவைத் தனியாக விடவேண்டாம், கடிதம் வருகிறது என்பதுதான் வாசகம். கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. தந்தி இங்கிலீஷில் போகும். உங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். யா அல்லா, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! தபால் மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு இப்போது வழியில்லை. இன்னொரு தந்தி கொடுத்தாலும் அதையும் அவன்தானே வாசிப்பான்.

இந்த வண்டியிலேயே ஏறியிருப்பேன். தந்திக்குக் கொடுத்தது போகக் கையில் டிக்கெட்டுக்கு இல்லை. எங்கள் பணமெல்லாம் வார்டனிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை, காலையில்தான் வருவார். தந்தாலும் தராவிட்டாலும் நாளை வண்டியில் நான் வருகிறேன். கடிதத்தை இந்த வண்டித் தபாலில் போடுகிறேன். என்னைவிட ஒரு நாள் முன்னால் வந்து சேரும்.

அதற்குள் ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது.

துல்கர்னைன்


தென்காசி,
20-8-1937

தம்பி துல்கர்னைனுக்கு,

நீ சனிக்கிழமை வந்தாய். திங்கட்கிழமை போனாய். இருந்த நாளெல்லாம் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடச் சொன்னேன், ஸ்டேஷனுக்கு வண்டி கட்டச் சொன்னேன், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை. வாயைத் திறந்தால் ஊளையிட்டுவிடுவேன் என்று பயந்து பேசாமல் இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று நல்லக்கண்ணு உன்னிடம் சொன்னானோ இல்லையோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். எழுதினாலாவது எனக்கு மூச்சு சீராகிறதா பார்ப்போம்.

அன்று காலையில் அவன் புது வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டு நின்றான். உச்சிமாகாளி பூஜைச் சாமான் பையைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த நேரத்தில் தந்திக்காரன் வந்தான். யாருக்கு என்ன ஆச்சோ என்று கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒரு கணம்கூட யோசிக்காமல் அவனிடம் நீட்டினேன். "என்ன போட்டிருக்கு, வாசிலே" என்றேன். அவன் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது? அதற்காகத்தானே படிக்கவைத்தேன்.

கண்ணாடி இல்லாததால் தாளை மூக்கோடு ஒட்டி வைத்து வாசித்தான். முகம் எனக்குத் தெரியவில்லை, தாள் மறைத்துக்கொண்டது. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தான். இந்த ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா என்றுகூட நினைத்தேன். பிறகு மடித்து என் கையில் கொடுத்தான். "ஒண்ணுமில்லண்ணே. துல்கருக்குப் பார்சல் கெடச்சுட்டாம்" என்றான். நான் சிரித்தேன் தம்பி. அதற்கு ஒரு தந்தியா, புளியங்குடிக்காரனுக்குத் திமிரைப் பாரு என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிப் போய்விட்டான். நான் உள்ளே போய் இட்லி தின்ன உட்கார்ந்தேன்.

அவன் சாகப் போய்க்கொண்டிருக்கிறான், நான் சட்னி போதவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உச்சிமாகாளிதான் வாசலைப் பார்த்து, "கொழுந்தன் திரும்பி வாராக" என்றாள். பார்த்தால் நிற்கிறான். சாரலில் நனைந்து தலையெல்லாம் தண்ணீர். கையில் பை இல்லை, எங்கே போட்டான் என்று இன்றுவரை தெரியாது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை, நடைவாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அந்தத் தந்திய நான் தப்பா வாசிச்சுட்டேன்" என்றான்.

நான் எடுத்துக் கொடுத்தேன். தாளை இந்தத் தடவை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. மனப்பாடம் ஆகிவிட்டிருக்கிறது. "நல்லக்கண்ணுவத் தனியா விடவேண்டாம். இதான் போட்டிருக்கு" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த நல்லக்கண்ணு என்று கேட்டேன். கேட்ட நான் மனுஷனா? வீட்டில் இருப்பது ஒரு நல்லக்கண்ணு. "என்னையத்தாண்ணே" என்றான். எதுக்குலே உன்னைத் தனியா விடக்கூடாது என்றேன். என் முகத்தைப் பார்த்தபடியே நின்றான். அவனுக்கு என் முகம் தெரிந்திருக்காது, ஆனாலும் பார்த்தான். அப்போதுதான் தம்பி, கடிகாரமும் பேனாவும் ஆற்றில் போன கோட்டும் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"மலைக்குக் குளிக்கவாலே போனே?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தை அவனிடம் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. நான் அவனோடு ஒரே அருவியில் நின்றேன், ஒரே பந்தியில் உட்கார்ந்தேன். அவன் துணி ஆற்றில் போனபோது கரையில் நின்று கும்பிட்டேன். என் பிள்ளை எனக்கு எதிரே நின்று ஒவ்வொரு சாமானாகக் கொடுத்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறான், நான் ஊர் முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று? நெல்லில் ஒரு தாள் பழுத்தால் வரப்பில் நின்றே சொல்லிவிடுவேனே.

அவன் கையைப் பிடித்தேன். பிடித்தவன் விடவில்லை. அன்று முழுவதும் விடவில்லை. உன் கடிதம் மத்தியானம் வந்தது. ஒற்றைக் கையால்தான் பிரித்து வாசித்தேன்.

ஏம்லே திரும்பி வந்தே என்று அப்புறம் கேட்டேன். மலையடிவாரம் வரைக்கும் போய்விட்டானாம். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க அந்தத் தாள என்கிட்ட நீட்டுனீக. வேற ஆரும் இல்லல்லாண்ணே வாசிக்க. நான் போயிட்டா சாயந்தரம் இன்னொரு தந்தி வரும், இல்லாட்டா போலீஸ்காரன் ஏதாவது தாளக் கொண்டாந்து தருவான். அதயும் கையில வெச்சுக்கிட்டு, வாசிலேன்னு என்னையத் தேடுவீகளேன்னு தோணிட்டு. அதுக்கு மேல கால் எழும்பல."

இதைக் கேட்டு நான் அழுதேன். அவன் அழவில்லை. இப்போதும் அவனுக்கு அழுகை வருவதில்லை.

நீ இங்கே வந்திருந்தபோது சொன்ன டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். இது தண்ணீரில் போகிற சமாசாரமும் இல்லை, அவன் சோம்பலும் இல்லை, உடம்புக்கு வருகிற மாதிரி மனசுக்கு வந்த நோவு, நாளாகும் என்றார். தனியாக விடாதே, பேசவிடு, பேசும்போது குறுக்கே புத்தி சொல்லாதே என்றார். புத்தி சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வாயில் வெற்றிலையைப் போட்டு அடைத்துக்கொள்கிறேன்.

குற்றாலத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டோம். வீரபாகு சின்னையா வந்து, பாதியில் நிறுத்தினால் தெய்வக் குற்றம் என்றார். போய்ச் சேரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குத் தெளிந்தது, சரி. என் தம்பியை நான் இனி பணயம் வைத்துப் பார்க்கத் தயாரில்லை.

நீ போகும்போது சொன்னாய், நேராகவே கேளுங்கள், கேட்டால் நினைப்பு கூடிவிடாது என்று. எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வார்த்தையை வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று வளர்ந்தவன் நான். செவ்வாய்க்கிழமை காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு நின்றேன். உச்சிமாகாளி தள்ளினாள். "இன்னைக்கு அந்த நெனப்பு இருக்காலே?" என்று கேட்டுவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னைக்கு இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுக் காப்பியை முழுக்கக் குடித்தான். அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன்.

இன்று காலையில் கேட்டதற்கு, "இருக்குண்ணே" என்றான்.

நடவுக்கு ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்கள். போகவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவன் கட்டிலிலேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் முழங்கால் அவன் முதுகில் இடிக்கிறது. யாருக்கு எழுதுதீக என்று கேட்டான், சொன்னேன். நீ கொண்டுவந்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரும்பி எட்டிப் பார்த்து வாசிக்கிறான். வாசிக்கட்டும்.

சொரிமுத்து